ஒரு முதுகு, பத்து ரிப்போர்ட்

அமெரிக்காவில் 63 வயதுப் பெண் ஒருவருக்கு இடுப்புவலி. வலது காலில் நரம்பு வழியே இறங்கும் வலி. ஆய்வாளர்கள் அவரை மூன்று வாரத்துக்குள் பத்து ஸ்கேன் சென்டர்களுக்கு அனுப்பிப் பத்து முறை எம்.ஆர்.ஐ. எடுக்க வைத்தார்கள். மூன்று வாரத்தில் ஒரு முதுகெலும்பு பெரிதாக மாறிவிடப் போவதில்லை. ஆனால் பத்து ரிப்போர்ட்களையும் அடுக்கிப் பார்த்தபோது மொத்தம் 49 விதமான குறைகள் அவற்றில் இருந்தன. பத்திலும் தவறாமல் இடம்பெற்ற குறை ஒன்றுகூடக் கிடையாது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகள் ஏதோ ஒரே ஒரு ரிப்போர்ட்டில் மட்டும் தலைகாட்டின. 2017இல் வெளியான ஆய்வு இது.

ஸ்கேன் எடுப்பவர்களெல்லாம் அரைகுறைகள் என்று இதற்கு அர்த்தம் சொல்வோர் உண்டு. கவனக்குறைவும் அதில் கொஞ்சம் இருந்தது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அறுபது வயதைத் தாண்டிய முதுகெலும்பில் எழுதுவதற்கு ஏதாவது இருந்துகொண்டேதான் இருக்கும். எதை எழுத வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பது ‘எதைத் தெரிந்துகொள்ள இந்த ஸ்கேன்?’ என்ற கேள்வியைப் பொறுத்தது. அந்தக் கேள்வி சரியாகக் கேட்கப்படாமலே எலும்பு, மூட்டு, தசைக்கான ஸ்கேன்கள் பெருகிவிட்டன. எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எங்கே திணறும் என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தால் குழப்பத்தின் பாதி தெளிந்துவிடும்.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் நகரில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். அடுத்த மாதமே மனைவியின் கையைப் படமெடுத்தார். விரலெலும்புகளும் மோதிரமும் தெரிந்த அந்தப் படம் உலகம் சுற்றியது. மருத்துவப் படமெடுப்பின் கதை எலும்பில் தொடங்கியது தற்செயல் அல்ல. எலும்பிலுள்ள கால்சியம் கதிரை நன்றாகத் தடுக்கும். காற்று, கொழுப்பு, நீர் நிறைந்த திசு, எலும்பு, உலோகம் என ஐந்து அடர்த்திகளை எக்ஸ்ரே பிரித்துக் காட்டும். தசையும் தசைநாணும் குருத்தெலும்பும் அதற்கு ஒன்றுபோலவே தெரியும். முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்து ‘ஜவ்வு தேய்ந்துவிட்டது’ என்று சொல்லும்போது ஜவ்வை யாரும் பார்த்திருப்பதில்லை. இரண்டு எலும்புக்கு நடுவே உள்ள இடைவெளி குறைந்ததைப் பார்த்து ஊகித்திருக்கிறார்கள். அதனால்தான் முழங்காலை நோயாளி நிற்கும்போது எடுக்கச் சொல்கிறார்கள். படுக்க வைத்து எடுத்தால் தேய்ந்த மூட்டிலும் இடைவெளி போதுமான அளவு இருப்பதுபோலத் தோன்றிவிடும். இந்த ஒரு சின்னக் குறிப்பு எக்ஸ்ரே சீட்டில் விடுபட்டால் எடுத்த படத்தால் பெரிய பயன் இல்லை.

எலும்பு முறிவிலும் எக்ஸ்ரேக்குக் கண் மறைக்கும் இடங்கள் உண்டு. வண்டியிலிருந்து விழும்போது கையை ஊன்றிக்கொண்டவருக்கு மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம், நீட்டினால் குழிவிழும் இடத்தில், அழுத்தினால் வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே இருக்கும் ஸ்கேஃபாய்ட் என்ற சிறிய எலும்பு முறிந்திருந்தாலும் முதல் நாள் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கக்கூடும். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து உள்ளே நுழைகிறது. நடுவில் முறிந்தால் முன்கை பக்கத்துத் துண்டு ரத்தமின்றிச் செத்துப்போகலாம். ‘எக்ஸ்ரே நார்மல், ஆயின்மென்ட் போடுங்கள்’ என்று அனுப்பப்படும் இளைஞர் சில வருடம் கழித்து மணிக்கட்டு மூட்டே பழுதாகி வருவது இப்படித்தான். சந்தேகம் இருந்தால் கட்டுப் போட்டு, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுப்பார்கள். வசதி இருந்தால் உடனே எம்.ஆர்.ஐ. கட்டுப் போடுவதற்குக் காரணம் படம் அல்ல, விரலால் அழுத்தும்போது எழும் வலிதான்.

அப்படி அழுத்திப் பார்க்கும் விரல் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதற்குக் கனடா நல்ல சான்று தந்தது. கணுக்கால் சுளுக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு எலும்பு முறிந்திருக்காது. ஆனாலும் அனைவருக்கும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1992இல் இயன் ஸ்டீல் தலைமையிலான குழு ஒட்டாவா விதிகளை வெளியிட்டது. கணுக்கால் மொழியின் பின்விளிம்பில் கடைசி ஆறு சென்டிமீட்டரிலோ நுனியிலோ அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயோ மருத்துவமனையிலோ நான்கு அடி எடுத்துவைக்க முடிந்ததா? வலியும் இல்லை, நடக்கவும் முடிகிறது என்றால் கணுக்காலுக்கு எக்ஸ்ரே வேண்டாம். பாதத்துக்கும் இதேபோல இரண்டு இடங்களைக் குறித்தார்கள். பல நாடுகளில் சோதித்த பிறகும் இந்த விதிகள் முறிவை அநேகமாகத் தவறவிடுவதில்லை என்றே தெரிந்தது. மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எக்ஸ்ரேக்கள் மிச்சமாயின. நம் ஊர்ப் பல அவசரப் பிரிவுகளில் கால்மேல் கை படுவதற்கு முன்பே எக்ஸ்ரே சீட்டு கிழிக்கப்பட்டுவிடுகிறது.  

எக்ஸ்ரேயை இப்படிக் குறைசொல்லிவிட்டு, அதன் பெருமைக்கு நம்மூர்ச் சான்று ஒன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. சென்னை பொது மருத்துவமனையில் 1934இல் திறக்கப்பட்ட கதிரியல் நிலையம் இன்றும் பர்னார்ட் என்பவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த டி.டபிள்யூ.பர்னார்ட், ஷார்ட், மக்ராபர்ட், மன்னாடி நாயர் ஆகிய நால்வரும் சேர்ந்து 1937இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அன்றைய சென்னை மாகாணத்தில், இன்று ஆந்திரத்தில் இருக்கும் நெல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களில், ஆட்கள் முதுகு விறைத்துக் கூனிப்போய்க் கிடந்தார்கள். குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததால் எலும்பு கெட்டுப்போன நோய் அது. அந்த நோயைப் படத்தில் அடையாளம் காண்பது எளிது. முதுகெலும்பு சுண்ணாம்பு பூசியதுபோல வெளேரென்று அடர்ந்திருக்கும். முன்கையில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு மெல்லிய சவ்வு உண்டு. சாதாரணமாக எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. ஃபுளோரைடு ஏறியவருக்கு அந்தச் சவ்வில் சுண்ணம் படிந்து, எலும்பின் உள்விளிம்பு முள்முள்ளாக நீண்டிருக்கும். வேறெந்த நோயிலும் இது இவ்வளவு தெளிவாகத் தென்படுவதில்லை. குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ‘மூட்டுவாதம்’ என்று பல வருடம் மாத்திரை விழுங்கியவருக்கு ஒரு முன்கை எக்ஸ்ரே நோயின் பெயரைச் சொல்லிவிடும். மேலே என்ன செய்வது என்பதற்கு ஃபுளோரைடு குறைந்த ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீர்தான் பதில்; ஸ்கேன் இல்லை.

சி.டி. பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் ஹௌன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தது, மூளைக்காக. எலும்பு மருத்துவத்தில் அதன் இடம் சிக்கலான முறிவுகள்: இடுப்புக் குழி, குதிகால், முதுகெலும்பு. எத்தனை துண்டு, எந்தத் துண்டு எங்கே போயிருக்கிறது என்று கத்தி எடுப்பதற்கு முன் அறுவை மருத்துவர் அறிய வேண்டும், அதற்குச் சி.டி.யை விஞ்ச ஆளில்லை. இரு வேறு ஆற்றலுள்ள கதிர்களால் எடுக்கும் புதிய வகை, யூரிக் அமிலப் படிகத்தைத் தனி நிறமிட்டுக் காட்டுகிறது. கௌட் என்ற மூட்டுநோயில் ஊசி குத்தி நீர் எடுக்க முடியாத மூட்டுகளுக்கு அது உதவுகிறது.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ் கதிரே இல்லை. 1.5 டெஸ்லா காந்தம் என்றால் பூமியின் காந்தப்புலத்தைப்போல முப்பதாயிரம் மடங்கு. அதற்குள் உடலின் ஹைட்ரஜன் அணுக்கரு வரிசைப்படும். ரேடியோ அலையால் அதைத் தட்டிவிட்டு, அது பழைய நிலைக்குத் திரும்பும்போது எழுப்பும் சைகையைப் பிடித்துப் படமாக்குகிறார்கள். ஹைட்ரஜன் நீரிலும் கொழுப்பிலும் நிறைய. எலும்பு மஜ்ஜையில் பெரும்பகுதி கொழுப்பு. கொழுப்பின் வெளிச்சத்தை அணைத்துவிட்டு எடுத்தால் மஜ்ஜைக்குள் ஊறிய நீர் மட்டும் பளிச்சென்று தெரியும். முறிவு, கிருமித் தொற்று, கட்டி எல்லாமே முதலில் அப்படி நீர் ஊறித்தான் தொடங்குகின்றன. குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டியால் நிற்க முடியவில்லை, இடுப்பு எக்ஸ்ரேயோ சுத்தம் என்றால், எம்.ஆர்.ஐ. அன்றைக்கே முறிவைக் காட்டிக் கொடுக்கும். அதற்கு மேல் நாளைக் கடத்தினால் முறிந்த துண்டு நகர்ந்து, திருகாணியில் முடிய வேண்டியது மூட்டு மாற்றுவதில் போய் நிற்கும்.

நம் நாட்டில் எம்.ஆர்.ஐ. தன் விலைக்கு முழு நியாயம் செய்யும் இடம் முதுகெலும்புக் காசநோய். எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்புத் தெரிவதற்குள் அந்த இடத்துச் சுண்ணத்தில் 30 முதல் 50 சதவீதம் போயிருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. வாரக்கணக்கில் முன்பே காட்டும். காசநோய் பொதுவாக அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளையும் நடுவிலுள்ள டிஸ்க்கையும் சேர்த்தே பிடிக்கும். பக்கத்துத் தசைக்குள் மெல்லிய சுவருள்ள சீழ்க்கட்டி இறங்கியிருக்கும். வேறெங்கிருந்தோ பரவிய புற்றுநோய் பெரும்பாலும் டிஸ்க்கை விட்டுவிட்டு எலும்பைத் தின்னும். இந்த வேறுபாடு எல்லா நேரமும் பொருந்தாது. ஊசி விட்டுச் சதை எடுத்துச் சோதிப்பதற்கு மாற்று இல்லை. என்றாலும், இந்த நோய்க்கு அறுவையே தேவையா, மருந்து போதுமா என்று சோதித்த பெரிய ஆய்வுகளில் ஒன்று சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் நடந்தது என்பதை நினைத்தால், காலத்தோடு கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும். தண்டுவடம் நசுங்குவதற்கு முன் மாத்திரை தொடங்கிவிட்டால் பெரும்பாலோர் கத்தியில்லாமலே நடந்து வீட்டுக்குப் போகலாம்.

எம்.ஆர்.ஐ.க்கும் கண்கட்டு வித்தை உண்டு. தசைநாண் இழைகள் காந்தப்புலத்துக்கு 55 பாகைக் கோணத்தில் அமைந்தால், கிழிசலே இல்லாத தசைநாணும் சில வகைப் படங்களில் கிழிந்ததுபோல வெளிச்சமாகத் தெரியும். தோளிலும் கணுக்காலிலும் தசைநாண் வளைந்து திரும்பும் இடத்தில் இது அடிக்கடி நேரும். அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் இன்னொரு வகைப் படத்தில் அதே இடத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் ‘கிழிசல்’ என்று எழுதுவார்.

இதெல்லாம் கருவியின் பிழை. இதைவிடப் பெரிய சிக்கல், கருவி துல்லியமாகக் காட்டும் ஒன்று வலிக்குக் காரணமாக இல்லாமல் இருப்பது. முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்த 1994 ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதாவது ஒரு டிஸ்க் உப்பியிருந்தது. 27 சதவீதத்தினருக்கு டிஸ்க் பிதுங்கியே இருந்தது. 2015இல் வலியில்லாத 3,110 பேரின் தகவல்களைத் திரட்டிப் பார்த்தார்கள். இருபது வயதிலேயே 37 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்வு. எண்பது வயதில் 96 சதவீதம். வலியே இல்லாதவர்கள் இவர்கள்! தலை நரைப்பதுபோல டிஸ்க்கும் நரைக்கிறது. நரைக்காக யாரும் தலைவலி மாத்திரை போடுவதில்லை.

முழங்காலிலும் இதே கதை. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய 991 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எழுபதைக் கடந்த ஆண்களில் பாதிக்கு மேல் மெனிஸ்கஸ் என்னும் ஜவ்வு கிழிந்தோ சிதைந்தோ இருந்தது. கிழிசல் உள்ளவர்களில் 61 சதவீதத்தினருக்கு முந்தைய மாதம் முழுக்க வலியோ விறைப்போ இல்லை. ‘ஜவ்வு கிழிந்திருக்கிறது’ என்ற ரிப்போர்ட்டோடு அறுவை அரங்குக்குப் போன ஆயிரக்கணக்கானோரை நினைத்துப் பாருங்கள். ஃபின்லாந்தில் 2013இல் ஒரு துணிச்சலான சோதனை வெளிவந்தது. வயதால் வந்த கிழிசலும் வலியும் உள்ள 146 பேரில் பாதிப் பேருக்கு உண்மையாகவே ஜவ்வை வெட்டினார்கள். மீதிப் பேருக்குத் துளை மட்டும் போட்டு, வெட்டுவதுபோல நடித்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு குழுவுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. பந்தாட்டத்தில் முழங்கால் திருகி, மூட்டே பூட்டிக்கொண்டு மடங்காமல் நிற்கும் இளைஞருக்கு இந்த முடிவு பொருந்தாது. அவருக்கு அறுவை வேண்டியிருக்கலாம். படத்தில் இருவருக்கும் ‘கிழிசல்’தான், கதை வேறு.

இந்த இடத்தில்தான் கோயம்புத்தூர் வருகிறது. கங்கா மருத்துவமனையில் முதுகெலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தலைமையில் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. நாள்பட்ட முதுகுவலியோடு வந்த, ஆபத்தான நோய் ஏதும் இல்லாத 44 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு குறையையும் விளக்கிச் சொன்னார்கள். மற்றதற்கு, ‘வயதுக்கேற்ற மாற்றம்தான், கவலைப்பட ஒன்றுமில்லை’ என்றார்கள். சிகிச்சை இரு குழுவுக்கும் ஒன்றே. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் குறைகளைக் கேட்டவர்கள் தங்கள் முதுகைப் பற்றி அதிகம் பயந்தார்கள். வேலை செய்வதும் குறைந்திருந்தது. ஆறுதல் சொல்லப்பட்டவர்கள் தேறியிருந்தார்கள். வழக்கமான ரிப்போர்ட்டின் சொற்களை மாற்றி எழுதினால் நோயாளி மட்டுமல்ல, மருத்துவர்களும்கூட நோயை அவ்வளவு கடுமையானதாகக் கருதுவதில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. நோயாளியிடம் எதையும் மறைக்கலாமா என்ற கேள்வி எனக்கும் எழுகிறது. மறைக்கவும் முடியாது, டாக்டரைப் பார்ப்பதற்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் மூன்று சொந்தக்காரர்களுக்குப் போய்விடும்.

அப்படியானால் ரிப்போர்ட்டிலேயே ‘இந்த வயதில் வலியில்லாதவர்களிலும் இத்தனை சதவீதத்தினருக்கு இது இருக்கும்’ என்று அச்சடித்துவிட்டால்? அமெரிக்காவில் சுமார் இரண்டரை லட்சம் நோயாளிகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. அடுத்தடுத்த ஸ்கேன்களும் ஊசிகளும் அறுவைகளும் குறையவில்லை. ஓபியாய்டு வலிமாத்திரை எழுதுவது மட்டும் ஒரு சிறிதளவு குறைந்தது. அடியில் அச்சாகும் இரண்டு வரி, எதிரே உட்கார்ந்து சொல்லும் மருத்துவருக்கு ஈடாகவில்லை.

அல்ட்ராசவுண்டின் தனிச்சிறப்பு, படம் எடுக்கும்போதே நோயாளியோடு பேசலாம் என்பது. ‘இங்கேயா வலிக்கிறது? கையைத் தூக்குங்கள், இறக்குங்கள்’ என்று கேட்டபடி தசைநாண் எலும்புக்கடியில் மாட்டுவதை நேரடியாகப் பார்க்கலாம். நல்ல தோளை அடுத்த நொடியே ஒப்பிடலாம். பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டில் எலும்பு இன்னும் குருத்தாக இருப்பதால் எக்ஸ்ரேக்கு அது தெரியாது. ஆஸ்திரியாவின் கிராஃப் 1980இல் தொடங்கிவைத்த அல்ட்ராசவுண்ட் முறை அங்கே கைகொடுக்கிறது. குறை என்னவென்றால், பிடிக்கும் கையைப் பொறுத்தே படம்: ஆய்கருவி சிறிது சாய்ந்தாலும் நல்ல தசைநாண் கறுத்துக் கிழிந்ததுபோலத் தோன்றும். இந்தியாவில் இன்னொரு தடையும் உண்டு. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து அழிப்பதைத் தடுக்கும் 1994 சட்டப்படி, தோளுக்கும் முழங்காலுக்கும் மட்டுமே பயன்படும் கருவியும் பதிவுக்குள் வர வேண்டும்; மைதானத்துக்கும் கிராமத்துக்கும் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட முடியாது. பெண் குழந்தைகள் அழிக்கப்பட்ட ஊரில் அந்தச் சட்டத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எலும்பு மருத்துவத்தில் இந்தக் கருவி பரவாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த நான்கு கருவிகளைத் தவிர இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. எலும்பு அடர்த்திச் சோதனையில் எண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் எலும்பு மெலிவு நோய் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1994 வரையறை. முதிய முதுகெலும்பின் ஓரத்தில் வளர்ந்த எலும்பு முள்ளும், நசுங்கிய முள்ளெலும்பும் அந்த எண்ணைப் பொய்யாக உயர்த்திவிடும். ஃபுளோரைடு ஏறிய எலும்பும் அப்படியே. தருமபுரியில் ‘நல்ல அடர்த்தி’ என்று வரும் ரிப்போர்ட்டைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வாசிக்க வேண்டும். புற்றுநோய் எலும்பில் பரவியிருக்கிறதா என்று உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரே தடவையில் தேட, டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கொண்டு எடுக்கும் ஸ்கேன் இருக்கிறது. 1971இல் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் சுப்பிரமணியன், மக்கஃபீ இருவரும் உருவாக்கிய மருந்துக் கூட்டிலிருந்து வளர்ந்தது அது.

கதிர்வீச்சுப் பயம் தேவைக்கு அதிகமாகவும் இருக்கிறது, தேவையான இடத்தில் இல்லாமலும் இருக்கிறது. மணிக்கட்டு எக்ஸ்ரேயின் கதிர் 0.001 மில்லிசீவர்ட் அளவு. கணக்கில் வைக்கவே வேண்டாம். இடுப்பு முதுகெலும்புச் சி.டி. சுமார் 6 மில்லிசீவர்ட். உலகில் மனிதர் இயற்கையிலிருந்தே வருடத்துக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் வாங்கிக்கொள்கிறார். மோனசைட் மணல் கிடக்கும் மணவாளக்குறிச்சிக் கரையில் அதைவிட அதிகம். கைக்குழந்தையின் விரல் எக்ஸ்ரேக்குத் தயங்கும் அதே குடும்பம், மூன்று மாதத்தில் இரண்டு சி.டி. எடுத்துக்கொண்ட இளைஞரைப் பற்றிக் கேள்வியே கேட்பதில்லை.

இப்போது எல்லோரும் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுகிறார்கள். இரவு நேர அவசரப் பிரிவில் தூக்கக் கலக்கத்தில் நழுவிவிடும் முறிவை அது சுட்டிக்காட்டினால் நல்லதே. ஆனால் டிஸ்க்கிலும் ஜவ்விலும் அது இன்னும் அதிகக் குறைகளைக் கண்டுபிடிக்கும். ஏற்கெனவே 49 இருந்த இடத்தில் 60 வருவதால் அந்த 63 வயதுப் பெண்ணுக்கு என்ன லாபம்?

மாற்ற வேண்டியது ஸ்கேன் அறைக்கு முன்பே இருக்கிறது, அந்தச் சீட்டில். ‘எம்.ஆர்.ஐ. இடுப்பு முதுகெலும்பு’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் டெக்னீஷியன் வழக்கமான படங்களை எடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். ரிப்போர்ட்டில் எல்லா டிஸ்க்கும் வரிசையாக வரும். ‘48 வயது, இரண்டு மாதமாக மாலைக் காய்ச்சல், எடை குறைந்திருக்கிறது, நடுமுதுகில் தட்டினால் வலி, இரவில் வலி கூடுகிறது’ என்று மூன்று வரி சேர்த்தால் வேலையே வேறு. கொழுப்பை அணைத்த படம் கூடும், பக்கத்துத் தசைகளில் சீழ் இருக்கிறதா என்று அகலமாக எடுப்பார்கள், காசநோய் முதுகெலும்பில் விட்டுவிட்டு இன்னோர் இடத்திலும் பிடிக்கும் என்பதால் கழுத்திலிருந்து கீழ்வரை ஒரு வேகப் படமும் சேரும். அந்தக் கூடுதல் படத்துக்கு ஆவது சில நிமிடம்.